ரெண்டாகத் தெரிந்த ரோடு

சுதந்திரம் வருவதற்கு முந்திய கோடையில் அது முதலில் கண்ணில் தொடங்கியது.

செல்லத்துரை அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். சண்டை முடிந்தும் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கவில்லை. அதனால் பஸ் இன்னும் கரி வாயுவில்தான் ஓடியது. வண்டியின் பின்பக்கம் பீப்பாய் போன்ற அடுப்பு ஒன்று தொங்கும். அதில் கரியைப் போட்டு, காற்றுக்கொடுத்து, வாயு பிடித்து, இன்ஜினைக் கிளப்புவதற்குள் அவனுக்கும் கண்டக்டர் இன்பராஜுக்கும் முகம் கறுத்துவிடும்.

அன்று காலை முகம் கழுவும்போது வலது கண்ணைத் திருப்பினால் உள்ளே வலித்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்தான். சாயங்காலம் அந்தக் கண்ணுக்கு முன்னால் யாரோ கஞ்சித்தண்ணீரில் நனைத்த துணியைப் பிடித்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"சவுந்தரம், நீ கட்டியிருக்கிறது செவப்புச் சேலைதான?"

"நல்ல ரத்தச் செவப்பு. ஏன் கேக்குறீக?"

"இந்தக் கண்ணுக்கு வெளுத்துப்போன செங்கல் மாதிரி தெரியுது."

சவுந்தரம் நெசவாளர்களுக்குத் தார், அதாவது தறிநாடாவில் வைக்கும் நூல்கட்டை, ராட்டையில் சுற்றிக் கொடுப்பவள். நூலின் நிறம் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் வலது கண் முன்னால் காட்டினாள். நீலத்தைச் சொன்னான். மஞ்சளைச் சொன்னான். சிவப்பு வந்தபோதெல்லாம் தடுமாறினான்.

அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய், கரிச்சூடு கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லி நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்து கட்டச் சொன்னாள். முதலாளி ராஜகுருவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுச் செல்லத்துரை வீட்டில் இருந்தான். அவர் நல்லவர்தான். ஆனால் கண் தெரியாத டிரைவர் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் எந்த முதலாளியும் சேர்க்கமாட்டார் என்ற பயம் இவனுக்கு. சில வாரங்களில் மூடாக்கு விலகியதுபோலக் கண் தெளிந்தது. பொன்னுத்தாய் தன் பூவின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னாள். சிவப்பு மட்டும் அவனுக்கு முன்னைப்போல முழுச் சிவப்பாகத் திரும்பவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் இன்னொன்று வந்தது. டயரைப் பார்க்கக் குனிந்தான். கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக இரண்டு கால்களுக்கும் சுரீர் என்று ஒன்று ஓடியது. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னட்டோ வயரைத் தொட்டுவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தான். வயர் எட்டத்தில் இருந்தது. மறுபடியும் குனிந்தான். மறுபடியும் ஓடியது.

"குனிஞ்சா கரண்ட் அடிக்குது," என்று வீட்டில் சொன்னான்.

"பஸ்ஸோட கெடந்து கெடந்து நீங்களும் பஸ்ஸாயிட்டீக," என்றாள் சவுந்தரம். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் மகள் எலிசபெத் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். அப்பா குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்த்து அதுவும் குனிந்து நிமிர்ந்தது.

கரண்ட் தானாகவே நின்றது. அதற்குப் பிறகு வந்த அசதி நிற்கவில்லை. மத்தியான பஸ் நடை முடிந்து வந்தால் பாயில் விழுவான். தூங்கி எழுந்தாலும் அது தீராது. உள்ளங்கால்கள் சில நாள் மரத்திருக்கும், சில நாள் சரியாகிவிடும். பிரேக்கை மிதிக்கிறோமா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் அவன் பேச்சு மாறியது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நடையும் மாறியது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கப்பலிலிருந்து இறங்கியவன் போலக் கால்களை அகட்டி வைத்தான். மதுவிலக்குச் சட்டம் வந்திருந்த புதிது. கள்ளுக்கடைகள் மூடியிருந்தன. திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. செல்லத்துரையைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மெதுவாக மூக்கை அவன் பக்கம் கொண்டுவந்ததைச் சவுந்தரம் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அன்று அவளுக்குப் பாட்டு வாயில் வரவில்லை.

அந்த மாதம் ஒரு மத்தியானம், நரிக்குடியிலிருந்து பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். மேலே மிளகாய் மூட்டைகள், ஆட்டுக்குட்டிகள். வெயில் இன்ஜின் மூடியில் பட்டு முகத்தில் அடித்தது. ஓடையைத் தாண்டும் தரைப்பாலத்துக்கு முன்னால் ரோடு இரண்டாகப் பிரிந்ததைச் செல்லத்துரை பார்த்தான். அந்த இடத்தில் ரோடு பிரியாது என்று அவனுக்குத் தெரியும். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. அதுவும் இரண்டாக வந்தது. இரண்டு வண்டிக்காரர்களும் ஒரே மாதிரி கையை ஆட்டினார்கள்.

அவன் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினான். சாவியை உருவினான். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் கால்கள் பின்னிக்கொள்ள, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, என்னலே ஆச்சு?" என்று இன்பராஜ் ஓடிவந்தான்.

"ரோடு... ரெண்டா தெரியுதுலே. எது நெசம்னு... தெரியல. நான் ஓட்டமாட்டேன்."

வார்த்தைகள் குழைந்து வந்தன. ஜன்னல்களில் தலைகள் நீண்டன. "நல்லா ஊத்திட்டு வந்திருக்கான்," என்று உள்ளே ஒருவர் சொன்னார். "பிள்ளைகுட்டியோட வாரோம், குடிகாரன் கையில உசுரைக் குடுத்திருக்கோம்," என்று ஒரு பெண் கத்தினாள். பயணிகளில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவர் இறங்கிவந்து செல்லத்துரையை நிற்கச் சொன்னார். அவனால் நிற்க முடியவில்லை. அதற்குமேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கி, எதிரே வந்த மாட்டுவண்டியிலேயே ஏற்றினார்.

செல்லத்துரை இன்பராஜைத் திரும்பிப் பார்த்தான். இன்பராஜ் தன் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

செய்தி பொன்னுத்தாய் மூலம் சவுந்தரத்துக்கு வந்தது. ராட்டையை அப்படியே விட்டுவிட்டு, எலிசபெத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி நரிக்குடி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். செல்லத்துரை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பேசவே பிடிக்கவில்லை. பேசினால்தானே குழறுகிறது?

"அய்யா, அவுகள ஊதச் சொல்லுங்க," என்றாள் சவுந்தரம் எடுத்த எடுப்பில்.

சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏலக்காய மென்னா வாசம் போயிரும்மா."

"அப்ப அந்த ஏலக்கா வாசமாவது வரணும்ல? கிட்ட வந்து பாருங்கய்யா. கரிப்புகை வாசத்தத் தவுர வேற வாசம் வந்தா நானே உள்ள இருந்துக்கிடுதேன்."

சப் இன்ஸ்பெக்டர் எழுந்துவந்து உண்மையாகவே குனிந்து மோந்து பார்த்தார். யோசித்தார். ஊரில் இருந்த டிஸ்பென்சரி டாக்டரிடம் அனுப்பினார். வயதில் சிறியவரான அந்த டாக்டர், வாயை ஊதச் சொல்லவில்லை. ஒரு விரலைச் செல்லத்துரையின் கண் முன்னால் பக்கவாட்டில் நகர்த்தி, அதைப் பார்க்கச் சொன்னார். அவன் கண்மணிகள் ஓரத்துக்குப் போனதும் நிற்காமல் துடித்தன.

"இது குடி இல்ல," என்றார் டாக்டர் போலீஸ்காரரிடம். பிறகு சவுந்தரத்திடம், "இதுக்கு மேல எனக்குத் தெரியலம்மா. மதுரையில மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க," என்றார்.

மதுரைக்குப் போகும் பஸ்ஸில் செல்லத்துரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி வந்தான். காரியாபட்டியில் பஸ் நின்றபோது சவுந்தரத்தின் அண்ணன் ஸ்டாண்டில் நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பிறந்த ஊர் அது. அவள் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதைச் செல்லத்துரையும் பார்த்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான்ராஜ் நரம்பு சம்பந்தமான நோயாளிகளைப் பார்த்துவந்தார். நரைத்த மீசை, அவசரமில்லாத குரல். முதலில் வெகுநேரம் அவர் கேள்விதான் கேட்டார். எப்போது கண் மங்கியது, எப்போது தெளிந்தது, கால் எப்போது மரத்தது, எப்போது சரியானது. செல்லத்துரை திணறிய இடங்களில் சவுந்தரம் சொன்னாள். குனிந்தால் கரண்ட் அடித்ததை அவள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "எங்கேருந்து எங்க வரைக்கும் ஓடுச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் செல்லத்துரைக்குக் கண் நிறைந்துவிட்டது. நடந்த எல்லாவற்றிலும், தான் சொன்னதை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார். சிறிய ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் தேவைக்குமேல் உதைத்தது. கவட்டை போல இரண்டு கிளையுள்ள இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார். அது ரீங்கரிப்பது எட்ட நின்ற சவுந்தரத்தின் காதுக்கே கேட்டது.

"அதிருதா?"

"எது அதிருதாய்யா?" என்று கேட்டான் செல்லத்துரை.

கண்ணை மூடச் சொல்லி, அவன் கால் பெருவிரலைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இப்ப விரல் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல," என்றான் உறுதியாக.

சவுந்தரம் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவன் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறாள், விழுவதைப் பார்த்திருக்கிறாள். தன் கால் எங்கே இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். சில நாட்கள் அங்கேயே வைத்திருந்தார்கள். கடைசியில் டாக்டர் இருவரையும் எதிரே உட்காரவைத்தார்.

"டிரைவர்தானே நீங்க? பஸ்ஸுல வயர் மேல என்ன சுத்தியிருக்கும்?"

"ரப்பரு. அதுக்கு மேல துணி."

"அது அங்கங்க தேஞ்சுபோனா?"

செல்லத்துரைக்கு அது தெரிந்த விஷயம். குழறல் இருந்தும் முகம் தெளிந்தது. "கரண்ட் வழியில செதறும்யா. லைட்டு மினுக்கும். ஹாரன் ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. நல்லா இருக்குன்னு நெனச்சுக் கெளம்புனா நடுரோட்டுல நின்னுரும்."

"மூளையிலேருந்தும் தண்டுவடத்திலேருந்தும் போற நரம்புக்கும் அப்படி ஒரு உறை இருக்கு. கொழுப்பால ஆனது. உங்களுக்கு அது அங்கங்க அழியுது. கண்ணுக்குப் போற நரம்புல அழிஞ்சப்ப கண் மங்குச்சு. கழுத்துல அழிஞ்சப்ப கரண்ட் அடிச்சுது. அழிஞ்ச இடம் வீங்கும், அந்த வீக்கம் வத்தினா நரம்போட வேலை திரும்பும். ஆனா அந்த இடத்துல தழும்பு நின்னுடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு பேர். அங்கங்க தழும்பு விழுறதுன்னு அர்த்தம். நம்ம பக்கத்துல நான் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் பாத்திருக்கேன்."

"அப்ப வயர மாத்தலாமாய்யா?" என்று கேட்டான் செல்லத்துரை.

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார். "இந்த வயரை மாத்த முடியாது செல்லத்துரை. ஏன் வருதுன்னே இன்னும் யாருக்கும் தெரியல. டானிக் எழுதித் தரேன். அது உடம்புக்குத் தெம்பு, அவ்வளவுதான். நோயை அது நிறுத்தாது. பொய் சொல்ல எனக்கு மனசில்ல."

சவுந்தரம் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு வருமாய்யா? தொத்துமா?"

"தொத்தாது. சேந்து சாப்பிடலாம், சேந்து படுக்கலாம். பிள்ளைக்கு வரும்னு பயப்பட வேண்டாம்."

"செத்துருவாகளா?"

"இதுல சட்டுனு யாரும் சாகறதில்ல. சிலபேருக்கு வருஷக்கணக்குல வந்து வந்து போகும். சிலபேருக்குப் போகப்போக நடை குறையும். இவருக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணு சொல்லலாம். வெயிலும் சூடும் பட்டா இது கூடித் தெரியும். உடம்பு குளுந்தா குறையும். களைப்பு வந்தா படுக்க விடுங்க. அது சோம்பேறித்தனம் இல்ல."

கடைசி வாக்கியத்தை அவர் சவுந்தரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. செல்லத்துரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியபோது குழறல் குறைந்திருந்தது. ரோடு ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் வேலை இல்லை. முதலாளி வேறு டிரைவரைப் போட்டிருந்தார். சவுந்தரம் அதிகமாகத் தார் சுற்றினாள். வெயில் ஏறுமுன் தண்ணீர் எடுத்துவந்து, வீட்டுக்குள் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, நனைத்த துண்டை அவன் தோளில் போட்டாள். அது உண்மையிலேயே உதவியது. துண்டு காயும்வரை கால் அவன் சொன்னபடி கேட்டது. அருப்புக்கோட்டை வைகாசியில் துண்டு காய எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு மத்தியானம் கொல்லைப்பக்கம் போக எழுந்தவன் பாதி வழியிலேயே வேட்டியை நனைத்துவிட்டான். அவசரம் வந்தது தெரிந்தது. கால் வரவில்லை. சவுந்தரம் மாற்று வேட்டி கொண்டுவந்தாள். அவன் அதை வாங்கித் தூர எறிந்தான்.

"நீ பிள்ளையத் தூக்கிட்டுக் காரியாபட்டிக்குப் போயிரு."

"எதுக்கு?"

"எதுக்கா? நான் இன்னும் என்னென்னவா ஆவேன்னு அந்த டாக்டருக்கே தெரியாது. உனக்கு இருபத்தஞ்சு வயசு ஆகலை. அண்ணன் வீட்டுல இருந்தா மானமாவாவது இருக்கலாம். அன்னைக்கு பஸ்ஸுல அவரப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

சவுந்தரம் வேட்டியை எடுத்து உதறினாள். "குனிஞ்சேன். அண்ணன் வந்து என்ன ஏதுன்னு கேட்டா அழுதுருவேன்னு குனிஞ்சேன். உங்க முன்னால அழக்கூடாதுன்னு குனிஞ்சேன். வெக்கத்துலயா குனிஞ்சேன்?"

"உனக்குப் புரியாது. இந்த உடம்புக்குள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப காட்டுங்க."

"என்னத்தக் காட்ட?"

"உள்ள எப்படி இருக்குன்னு. கால் எப்படி இருக்கு? சொல்லுங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் விடவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள். தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே, "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு," என்றான்.

சவுந்தரம் எழுந்துபோய்க் கழிவுநூலை ஒரு கூடை அள்ளிவந்தாள். தன் பாதங்களில் அதைச் சுற்றினாள். மேலே பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். "இம்புட்டா?"

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னும்," என்றான்.

இன்னும் சுற்றினாள். எழுந்து நின்றாள். அடுப்படிவரை போகத் திரும்பினாள். தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்தாள். நூல்கட்டை ஒன்று காலுக்கடியில் கிடந்தது. அதை மிதித்ததும் தெரியவில்லை, அது உருண்டதும் தெரியவில்லை. தொப்பென்று உட்கார்ந்தாள். எலிசபெத் கைதட்டியது. செல்லத்துரை சிரித்துவிட்டான். மதுரையிலிருந்து வந்தபிறகு அதுதான் அவன் முதல் சிரிப்பு.

"இதோட வெயிலையும் ஏத்திக்க. கண்ணையும் பாதி மூடிக்க. முதுகுல ஒரு மிளகா மூட்டையத் தூக்கிக்க," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கட்டிய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத வச்சுக்கிட்டா நீங்க பிரேக்க மிதிச்சீக?" என்று கேட்டாள். "இத வச்சுக்கிட்டா தெனமும் வீட்டுக்கு நடந்து வந்தீக? நான் ஒரு நா, ஏன் இப்படிச் சோம்பிக் கெடக்கீகன்னு கேட்டனே."

அவன் தரையில் நகர்ந்து அவளருகே போனான். சேலைக்கிழிசலை அவிழ்த்து, நூலைப் பிரித்து, அவள் பாதங்களை வெளியே எடுத்தான். காரியாபட்டிப் பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

அன்றிலிருந்து காலையில் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்குப் பஞ்சா, மணலா?" என்பதுதான். பஞ்சு என்றால் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைப்பாள். மணல் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, அவன் தெருமுனைவரை போய்வரலாம். சில நாள், "வெறுந்தரை," என்பான். அன்று அவள் சத்தமாகப் பாடிக்கொண்டே ராட்டை சுற்றுவாள்.

ஆடியில் இன்பராஜ் வந்தான். நுங்கு வாங்கிவந்திருந்தான். உட்காராமல் நின்றான்.

"ஏலே, அன்னைக்கு நான் வாயத் தெறக்கல."

"நீயும் குடின்னுதான நெனச்ச?"

இன்பராஜ் நுங்கைத் தரையில் வைத்தான். "ஆமாலே. நெனச்சேன்."

"நானா இருந்தாலும் அப்படித்தாம்லே நெனச்சிருப்பேன். உக்காரு. நுங்கை வெட்டு." அதற்குப் பிறகு இன்பராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கும்போதெல்லாம் வந்து போனான். யாராவது செல்லத்துரையைக் குடிகாரன் என்றால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அங்கேயே விளக்கம் சொன்னான். வயர், ரப்பர், துணி என்று அவன் சொன்ன விளக்கத்தில் பாதி தப்பு. ஆனாலும் ஊர் மெல்ல நம்பத் தொடங்கியது.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. உடம்பு குளிர்ந்தது. வெறுந்தரை நாட்கள் தொடர்ந்து வந்தன. செல்லத்துரை கோல் இல்லாமல் கோவிலுக்குப் போனான். வேதபாடத்தைத் தெளிவாக வாசித்தான். கார்த்திகையில் முதலாளி ராஜகுருவே வீடு தேடி வந்தார். புது டிரைவர் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி அச்சை முறித்திருந்தான்.

"பழையபடி வந்து ஏறு செல்லத்துரை. நீ ஓட்டினா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

சவுந்தரத்தின் கை ராட்டையில் நின்றது. காக்கிச் சட்டையை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று அந்த நொடியிலேயே நினைத்துப் பார்த்தாள்.

செல்லத்துரை அவருடன் ஷெட்டுக்குப் போனான். பின்னாலேயே அவளும் போனாள். அவன் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான். இப்போது பெட்ரோல் வண்டி, முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. காலி பஸ்ஸை வெளியே எடுத்து, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகவே நகர்த்தி, வாசல் தூணில் உரசாமல் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். இன்பராஜ் விசிலடித்தான். முதலாளி சிரித்தார்.

செல்லத்துரை இறங்கிவந்து சாவியை அவர் கையில் வைத்தான்.

"இன்னைக்கு ஒத்த ரோடுதான் தெரியுது மொதலாளி. நாளைக்கு எத்தன தெரியும்னு எனக்குத் தெரியாது. முன்னக்கூட்டிச் சொல்லிட்டு அது வாரதில்ல. அன்னைக்கு ஒரு மாட்டுவண்டிதான் எதுக்க வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வந்திருந்தா?"

"வந்தப்ப நிறுத்தினேல்ல? அப்படியே நிறுத்திக்க."

"நிறுத்த முடிஞ்சுச்சு. கால் பிரேக்குல இருக்குன்னு நெனச்சேன், இருந்துச்சு. எல்லாத் தடவையும் இருக்குமா?"

ராஜகுரு சாவியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாதவர். "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வரும்வரை சவுந்தரம் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலில் நின்று கேட்டாள்: "என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டா நீ ஓட்டச் சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

"சொல்லியிருப்பேன்," என்றாள் அவள். உள்ளே போய் ராட்டையின் முன் உட்கார்ந்தாள். நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டாள். மறுபடியும் அறுந்தது. பிறகு அவனைப் பார்க்காமலேயே, "நானும் பிள்ளையும் அந்த பஸ்ஸுல இருந்திருந்தா, ஓட்டாதீகன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். அவன் வந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டான். அவள் சுற்றினாள்.

சில நாள் கழித்து முதலாளி ஆள் விட்டார். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கவும், வண்டிகளை நேரத்துக்கு அனுப்பவும் ஓர் ஆள் வேண்டும், காலை வேளை மட்டும், வெயில் ஏறினால் வீட்டுக்குப் போகலாம். வேப்பமர நிழலில் ஒரு மேஜை. செல்லத்துரை அதற்குச் சரி என்றான். சட்டைக்குள் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான். குழறிய நாட்களில் ஊர்ப்பெயரை இரண்டுதரம் சொன்னான். பயணிகள் பழகிக்கொண்டார்கள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நரிக்குடிப் பக்கத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மூவரும் பஸ்ஸில் போனார்கள். கல்யாணமான நாள்முதல் செல்லத்துரை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இந்த ரோட்டில் போனதே இல்லை. அவள் ஏறும்போதெல்லாம் அவன் முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

திருச்சுழியைத் தாண்டியதும் கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையோரம் நாற்று பச்சையாக நின்றது. வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக எழுந்து மறுகரையில் இறங்கின.

"இங்க இம்புட்டுக் கொக்கு இருக்கா?" என்றான் செல்லத்துரை ஆச்சரியத்தோடு.

"இத்தன வருசம் ஓட்டுனீக, பாத்ததில்லையா?"

"ஓட்டுறவனுக்கு ரோடு மட்டுந்தான் தெரியும். பக்கத்துல என்ன இருக்குன்னு யாரு பாத்தா?"

எலிசபெத் அவன் தொடைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் சவுந்தரம் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நரிக்குடி நெருங்கியபோது செல்லத்துரை காலை மெல்ல அசைத்து முகத்தைச் சுளித்தான்.

சவுந்தரம் அவன் காலைத் தொட்டாள். "என்ன? மரத்துருச்சா? பஞ்சா?"

அவன் கொஞ்சநேரம் கவனித்தான். உள்ளங்காலில் ஊசி ஊசியாகக் குத்தி, ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றான் சந்தோஷமாக. "இது பிள்ள படுத்ததால மரத்தது. எல்லாருக்கும் மரக்குமே, அந்த மரப்பு."

அவள் மகளைத் தூக்கித் தன் மடிக்கு மாற்றப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"இருக்கட்டும். கொஞ்சநேரம் மரக்கட்டும்."